அழுகைச் சத்தம் கேட்காத அறை



போன இதழில் வந்த குழந்தை வளர்ப்புக் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் பாராட்டு. ஒன்று மட்டும் சண்டைக்கு வந்தது. எழுதியவர் வங்கியில் வேலை பார்க்கும் இளம் தாய். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார், போடவில்லை. அவர் எழுதியதில் கொஞ்சம்:

"எட்டு மாதப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து ராத்தூக்கம் போய்விட்டது. கவனிப்பு குறைந்தால் பிள்ளை உடம்பில் என்னவோ சுரந்து ஆயுசுக்கும் கெடுக்கும் என்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும், வேலையை விடவா? வீட்டுக் கடனை உங்கள் பத்திரிகை கட்டுமா? அப்பாக்கள் பயப்படுவதற்கு என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாமே மேடம்."

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு சங்கடமாக இருந்தது. கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். அந்த வாக்கியம் அங்கே இருந்தது: "குழந்தைப் பருவத்தில் தாயின் கவனிப்பு குறைந்தால், மன அழுத்த ஹார்மோன் வாழ்நாள் முழுவதும் அதிகமாகச் சுரக்கும்." அச்சுக்குப் போகும் முன் அதை நானும்தான் படித்தேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்த கண்ணுக்கு மற்றது தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு சொற்கள், அதில் மூன்று தவறு. 'தாயின்' தவறு. 'வாழ்நாள் முழுவதும்' தவறு. 'அதிகமாக' என்பதும், பாதியாவது தவறு. எழுதியவரைச் சொல்லிப் பயனில்லை, பார்த்து அனுப்பியவள் நான். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் அரசியலும் இல்லை, மழையும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் அந்த ஹார்மோன். அதன் பெயர் கார்டிசால். இப்போது அதற்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். யூடியூபில் அதைக் குறைக்கக் கஷாயம்கூடச் சொல்லித் தருகிறார்கள். பாவம், அது செய்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லா போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து வருகிறது. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, நாம் கண்விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு மெல்ல இறங்கி நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். அந்தக் காலை ஏற்றம் இல்லாவிட்டால் பாயைச் சுருட்டவே உடம்பு வணங்காது. நாய் துரத்தினாலும், மேலதிகாரி கூப்பிட்டாலும், பரீட்சை ஹாலில் மணியடித்தாலும் கூடுதலாகச் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, சமாளிக்கத் தெம்பு கொடுக்கும். வந்த வேலை முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றால்தான் தொல்லை.

இறக்குவது யார்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பந்து மிதக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறி, ஒரு மட்டத்தில் குழாயை அடைத்துவிடும். உடம்பிலும் அதே ஏற்பாடுதான். மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்கிறது, கார்டிசால் சுரக்கிறது. அப்படிச் சுரந்த கார்டிசாலே ரத்தத்தோடு மூளைக்குத் திரும்பிப் போய், அங்கேயுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு 'போதும், நிறுத்து' என்கிறது. நினைவுக்குப் பேர்போன ஹிப்போகாம்பஸ் பகுதியில் அப்படிப்பட்ட ஏற்பிகள் ஏராளமாக இருக்கின்றன. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யுவன் இதை எலி மூளையில் கண்டு சொன்னது 1968இல். பந்து சரியாக மிதந்தால் தொட்டி வழியாது.

அந்தப் பந்து எப்போது, எப்படி அமைகிறது என்ற கேள்விக்குப் பதில் எலிகளிடமிருந்துதான் முதலில் கிடைத்தது. 1957இல் சைமூர் லெவின் என்ற ஆய்வாளர் ஒரு விந்தையை எழுதினார். பிறந்த எலிக்குஞ்சுகளைத் தினமும் சில நிமிடம் கூட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப விட்டால், வளர்ந்த பிறகு அவை பதற்றத்துக்கு நன்றாகத் தாக்குப்பிடித்தன. தொடாமலே விடப்பட்ட குஞ்சுகள்தான் பயந்தாங்கொள்ளிகளாக வளர்ந்தன. மனிதன் தொட்டதா நல்லது செய்தது? வெகுநாள் கழித்துத்தான் துப்புத் துலங்கியது. திரும்பி வந்த குஞ்சைத் தாய் எலி விழுந்து விழுந்து நக்கிக் கொடுத்திருக்கிறது. வேலை செய்தது அந்த நாக்கு.

கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். தாய் எலிகளிலும் பல குணம் உண்டு. சில ஓயாமல் நக்கும், சில ஏதோ கடமைக்கு நக்கும். அதிகம் நக்கப்பட்ட குஞ்சுகளின் ஹிப்போகாம்பஸில் ஏற்பிகள் அதிகம் என்றும், பதற்றம் வந்தால் அவற்றின் ஹார்மோன் அளவோடு ஏறிச் சீக்கிரம் இறங்குகிறது என்றும் 1997இல் அவர் குழு காட்டியது. இது ரத்தத்தில் வந்த குணமாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்காக, 1999இல் குஞ்சுகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நக்காத தாய் பெற்றதை நக்குகிற தாயிடம் விட்டார்கள். குஞ்சு வளர்த்தவளைப் போல ஆனது. அது பெண்ணாக இருந்தால், தான் தாயானபோது தன் குஞ்சுகளையும் அப்படியே நக்கியது. 2004இல் மோஷே ஷிஃப் என்ற மரபணு வேதியியலாளரும் சேர்ந்துகொள்ள, காரணம் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை வாய் திறக்காமல் அடக்குகிறது. நிறைய நக்கப்பட்ட குஞ்சுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே அந்த ஒட்டு விலகிவிடுகிறது.

நம் கட்டுரையாளர் இதுவரை படித்துவிட்டு, எலிக்கு நடந்ததை அப்படியே மனிதக் குழந்தைக்கு எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். 'அதிகமாகச் சுரக்கும்' என்பது எலிக் கணக்கு.

(அப்பாக்களுக்கு ஒரு பத்தி கேட்டிருந்தீர்கள் அல்லவா அம்மா? இந்தச் சோதனைகளில் அப்பா எலிக்கு ஒரு வேலையும் கிடையாது. குஞ்சுகளை நக்குவதும் அது அல்ல, பாலூட்டுவதும் அது அல்ல. எலிக்கு அந்தச் சலுகை உண்டு. மனிதர்களில் யாரும் அதைக் கேட்டு வர வேண்டாம்.)

மனிதக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எந்த ஆய்வாளரும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கொடுமையை ஒரு அரசாங்கமே செய்து வைத்திருந்தது, ருமேனியாவில்.

அந்த நாட்டை ஆண்ட நிக்கோலாய் சௌஷெஸ்கு 1966இல் போட்ட 770ஆம் எண் ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. நாட்டுக்கு ஆள் பலம் வேண்டும், அதனால் பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கொள்கை. பெற்றார்கள். வளர்க்க வழியில்லை. 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைக்கிறேன் என்று அரசு மக்களின் வயிற்றில் கைவைத்தபோது, பிள்ளைகளைக் கொண்டுபோய் அரசு விடுதியில் விடுவது சாதாரணமானது. உங்களைவிட அரசு நன்றாக வளர்க்கும் என்று சொல்லவும் ஆள் இருந்தது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு வீழ்ந்து, கதவுகள் திறந்தபோது உள்ளே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்ல. எங்கோ ஒரு வீட்டில் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தவர்கள்.

அந்த விடுதிகளுக்குப் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. பச்சைக் குழந்தைகள் வரிசை வரிசையாகக் கிடக்கும் அறை, ஆனால் சத்தமே இல்லை. கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்த பிறகு அழுகை நின்றுபோனது. பால் நேரத்துக்குப் பால் வரும், துணி மாற்றும் நேரத்துக்குத் துணி மாறும். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை பேர் என்று ஷிஃப்ட் முறையில் வேலை பார்த்த பெண்கள், அவர்களையும் குறைசொல்ல முடியாது. காலையில் தூக்கிய கை சாயங்காலம் தூக்காது. இந்த வாரம் வந்த முகம் அடுத்த வாரம் வராது.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். சம்பள உயர்வு கேட்கச் சொல்வதற்கும், ரேஷன் கடையில் குரலை உயர்த்தச் சொல்வதற்கும் அந்தப் பழமொழியைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அதன் முதல் அர்த்தமே மறந்துவிட்டது. அழுதால் ஒரு ஆள் எழுந்து வரும் என்பதுதான் ஒரு சிசு உலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் செய்தி.

2000ஆம் ஆண்டு வாக்கில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புக்கரெஸ்டில் வேலையைத் தொடங்கினார்கள். ஆறு விடுதிகளிலிருந்து 136 குழந்தைகள், ஆறு மாதக் கைக்குழந்தை முதல் இரண்டரை வயதுப் பிள்ளை வரை. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், 68 பேர் விடுதியிலேயே இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் நெருடியது, உங்களுக்கும் நெருடும். சீட்டுக் குலுக்கியா ஒரு குழந்தைக்கு வீடு கொடுப்பது? அவர்கள் தரப்பில் சொல்வது இது: அப்போது புக்கரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாகக் கிடையாது. 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்ததே இவர்கள்தான். விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு வேறு வழியில் ஒரு வீடு கிடைத்தால் யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்க வீடு இல்லாத இடத்தில் குலுக்கல்தான் நியாயம் என்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன், ஆனாலும் அந்த மற்ற 68 பேரை மறக்க முடியவில்லை.

பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானபோது கூப்பிட்டு உட்காரவைத்துச் சின்னச் சின்னச் சங்கடங்களைக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு விளையாட்டு பாதியில் பழுதாகி, கிடைக்கும் என்று சொன்ன பரிசு கிடைக்காமல் போகும். நம் பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் பள்ளிக்கூடத்தில் படுகிற பாடுதான். அப்போது இதயத் துடிப்பையும் கார்டிசாலையும் அளந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களில் 48 பேர், விடுதிப் பிரிவில் 43 பேர், ஆரம்பத்திலிருந்தே பெற்றோரிடம் வளர்ந்த ருமேனியப் பிள்ளைகள் 47 பேர். கேட்டி மெக்லாஃப்லின் முதல் ஆசிரியராக இருந்து 2015இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எலிக் கணக்கைத் தலைகீழாக்கியது.

விடுதிப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஹார்மோன் பொங்கி வழியவில்லை. ஏறவே இல்லை என்று சொல்லும்படி மந்தமாக இருந்தது. பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு ஏறியது. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு நிபந்தனையோடு. கார்டிசாலைப் பொறுத்தவரை, இரண்டு வயது முடிவதற்குள் வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் இந்த நன்மை தெரிந்தது. பதற்றம் தணிந்த பிறகு இதயத்தை நிதானத்துக்குக் கொண்டுவரும் நரம்பு மண்டலத்துக்கு அந்தக் கெடு பதினெட்டே மாதம்.

ஏறாமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. யோசித்துப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தைய நாள் வயிற்றில் ஒன்றுமே புரளாத பிள்ளை, தெருவில் வண்டி சீறி வரும்போது துள்ளி விலகாத பிள்ளை. எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில் உடம்பு எழ மறுக்கிறது. வெகுகாலம் ஆபத்து மணி அடித்தும் யாரும் வராவிட்டால் உடம்பு மணியையே அறுத்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகங்களில் ஒன்று. அதற்கு முன்பே, 1990களில் மேரி கார்ல்சன் என்ற ஆய்வாளர் ருமேனிய விடுதிக் குழந்தைகளின் எச்சிலில் கார்டிசாலை அளந்து பார்த்தபோது, காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய அந்தக் கோடு தட்டையாகக் கிடந்தது. விடிந்ததும் அந்த உடம்புக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நம் வீடுகளில் புழங்கும் ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. சமத்து. "எங்க பிள்ளை சமத்து, போட்ட இடத்தில் கிடக்கும்." சொல்லாத பாட்டி உண்டா? பயந்துவிடாதீர்கள், இயல்பிலேயே சாதுவான பிள்ளைகள் உண்டு. தூங்குகிற பிள்ளையை எழுப்பி அழவைத்துப் பார்க்க வேண்டாம். சாதுப்பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்ததும் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். அந்த அறையில் கிடந்த பிள்ளைகளுக்குப் பார்த்துச் சிரிக்க ஒரு முகம் நிலையாக இல்லை. ஆனால் அழாமலிருப்பதையே ஒரு குழந்தையின் நற்குணமாகக் கொண்டாடும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேவலை.

'அதிகமாக' என்ற சொல்லின் கதை இவ்வளவு. இனி 'வாழ்நாள் முழுவதும்'. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் எச்சிலையும் கார்டிசாலையும் துரத்திக்கொண்டிருப்பவர். வெளிநாட்டு விடுதிகளிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை அவர் குழு தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்கும் சின்ன வயதில் அதே மந்தம். ஆனால் பருவமடைகிற காலத்தில், இப்போது நல்ல குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அந்த மந்தம் விலகி மற்றவர்களைப் போலவே ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கியது. 2019இல் வெளியிட்டார்கள். தொட்டிப் பந்தைச் சரிசெய்ய உடம்பு இரண்டாவது தடவை மேலே ஏறிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மான்ட்ரியல் எலிகளிடமும் ஒரு சேதி இருந்தது. வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தியபோது அந்த மெத்தில் ஒட்டு மாறியது, பதற்ற ஹார்மோனும் சீரானது. மனிதருக்கு அப்படி மருந்து கொடுக்க முடியாது. ஆனால் கல்லில் வெட்டிய எழுத்து என்று நாம் நினைத்தது பென்சில் எழுத்தாக இருக்கலாம், கொஞ்சம் அழுத்தி எழுதியது.

கடைசியாக, என்னை மிகவும் குத்திய சொல்: 'தாயின்'.

அந்தப் புக்கரெஸ்ட் பிள்ளைகளின் ஹார்மோனை நேராக்கியவர்கள் யார்? பெற்ற தாய்மார் அல்ல. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்த்தவர்கள். வளர்ப்பது அவர்களுடைய உத்தியோகம். சமூகப் பணியாளர்கள் அடிக்கடி போய் அவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். 'விலகி நில்லாதீர்கள், உங்கள் பிள்ளை மாதிரியே பாருங்கள்' என்று சொல்லித்தான் குழந்தையைக் கொடுத்தார்கள். ரத்த சம்பந்தம் இல்லை, பால் சம்பந்தமும் இல்லை. அதே ஆள் தினமும் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு விவரம் நம் கட்டுரையில் இருந்திருந்தால் அந்த வாசகி தூங்கியிருப்பார்.

கன்னரின் பழைய ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தடுப்பூசி போடக் கொண்டுவந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். ஊசி குத்தியதும் எல்லாப் பிள்ளையும்தான் அழும். ஆனால் தூக்கி வந்த ஆளிடம் நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைக்கு, வீறிட்டு அழுதாலும் கார்டிசால் அவ்வளவாக ஏறவில்லை. அந்த ஒட்டுதல் உறுதிப்படாத பிள்ளைக்கு ஏறியது. ஆகையால் அழுகையைப் பார்த்து உள்ளே இருப்பதைக் கணக்கிட முடியாது. காலையில் காப்பக வாசலில் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளை, அழத் தெரிந்த பிள்ளை. யாரிடம் அழ வேண்டும் என்றும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் ஆறுதல் தரும். எட்வர்ட் ட்ரானிக் என்ற ஆய்வாளர் தாயும் குழந்தையும் முகம் பார்த்துக் கொஞ்சிக்கொள்வதைப் படம்பிடித்து நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். நல்ல பாசமான ஜோடிகள்கூடப் பத்துக்கு மூன்று பங்கு நேரம்தான் ஒத்துப்போனார்கள். மற்ற நேரமெல்லாம் இவள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பிசகுவது, பிறகு சேர்வது, மறுபடி பிசகுவது. அந்தச் சேர்வதில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950களிலேயே 'போதுமான அளவு நல்ல தாய்' என்று ஒரு பதம் சொல்லிவைத்தார். நம் ஊர்ப் பேச்சில், தேவலாம் என்கிற அளவு அம்மா. நூற்றுக்கு நூறு யாரும் கேட்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது நான் திருநெல்வேலியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு ஆச்சி. மாதம் இவ்வளவு என்று பேசித்தான் விட்டேன். ஆச்சிக்குக் குழந்தை வளர்ப்புப் புத்தகம் எதுவும் தெரியாது. வெற்றிலை வாயோடு கொஞ்சுவார், மத்தியானம் ரேடியோவைப் போட்டுவிட்டு அவனை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிப்போவார். நான் விதித்த விதிகளில் ஒன்றைக்கூட அவர் மதித்ததாக நினைவில்லை. பதினோராம் மாதத்தில் அவன் முதல் வார்த்தை சொன்னான். ஆச்சி. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஆச்சியிடம் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவும் இல்லை. இப்போது புக்கரெஸ்ட் ஆய்வைப் படிக்கையில் தோன்றுகிறது, அந்த வார்த்தையைக் கேட்டு நான் பாயாசம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கூப்பிட ஒரு ஆள் இருந்தது. அம்மா வேறு இருந்தாள். இரண்டாகக் கிடைத்தது அவனுக்கு.

வாசகியின் காப்பகத்தைப் பற்றியும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். கன்னர் குழுவும் மற்றவர்களும் காப்பகப் பிள்ளைகளிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் நாளில் பகல் ஏற ஏறக் கார்டிசால் இறங்கும். காப்பக நாளில் பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏறுகிறது. எவ்வளவு என்பது அங்கே இருப்பவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதட்டி மிரட்டி ஒழுங்குபடுத்தும் இடத்தில் கூடுதல். வீட்டுக்கு வந்ததும் மடியில் ஏறும் பிள்ளைக்கு இது புக்கரெஸ்ட் அல்ல, அதன் நிழல்கூட அல்ல. ஆனால் காப்பகம் பார்க்கப் போகும்போது நாம் கேட்கிற கேள்விகளை மாற்றலாம். ஏசி இருக்கிறதா, கேமரா இருக்கிறதா, ரைம்ஸ் சொல்லித் தருவார்களா என்று கேட்கிறோம். என் பிள்ளையைத் தூக்குகிற அக்கா யார், அவர் எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார், அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறீர்கள், அடுத்த மாதமும் இருப்பாரா? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்தான் என்பது காப்பகம் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

கோபம் வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 2017இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தி 26 வார மகப்பேறு விடுப்புத் தந்தார்கள், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வைக்கச் சொன்னார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. நல்லது. ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த வாரக் கணக்கு, மாதக் கணக்கு எதுவும் நடைமுறையில் கிடையாது. அங்கன்வாடியில் உட்கார்ந்து படிக்கப் பிள்ளைக்கு இரண்டு வயதாக வேண்டும். அந்த ஆய்வில் கார்டிசால் கெடு முடிந்த வயதும் இரண்டு. அதுவரை உள்ள மாதங்களில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டி, பாட்டி இல்லாத வீட்டில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அக்காள். ருமேனியா 2005 முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொதுவாக விடுதியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. தவறைச் செய்த நாடு திருத்திக்கொள்ள ஒரு சட்டம் செய்தது. நாம் தாய்மாரைப் பார்த்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம், இந்தப் பத்திரிகை உட்பட.

இவ்வளவும் எழுதிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் அந்த வாசகியிடம் படித்துக் காட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். கடிதத்தில் இருந்த கோபம் குரலில் இல்லை. "நீங்களே பேசுறீங்களா மேடம்" என்று கொஞ்சம் கூச்சப்பட்டார். எலி வரைக்கும் படித்திருப்பேன். பின்னால் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. பிறகு சிணுங்கல் அழுகையானது. "ஒரு நிமிஷம் மேடம், வந்துடறேன்" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரப் பதினோரு நிமிடம் ஆனது. நான் வைக்காமல் காத்திருந்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்